ராணுவத்துல கீழ் ரேங்க்ல இருக்கறவங்களுக்குப் பட்டப்பேர் வச்சுக் கூப்பிடறாங்களே, அவங்களுக்குக் கோவம் வராதா?

இந்தக் கேள்வி ரெண்டு மூணு தடவை கண்ணுல பட்டும் தள்ளிவிட்டுட்டுப் போயிட்டேன். ஆனா ஒருத்தர் "அதெல்லாம் பழகிடும், மிலிட்டரிக்குப் போனா மான ரோஷம் பாக்கக் கூடாது"ன்னு பதில் எழுதியிருக்காரு பாருங்க, அதைப் படிச்சதும் சும்மா இருக்க முடியல. மான ரோஷம் பாக்காதவனை வச்சுக்கிட்டு எந்த நாட்டு ராணுவம் சண்டை போடும்னு அவரே சொல்லட்டும்.

கேட்டவர் "ரங்ரூட், தம்பி, ஒத்த ஃபீத்தின்னு எல்லாம் கூப்பிடறாங்களாமே"ன்னு எழுதியிருக்கீங்க. இவ்ளோ விவரமா கேக்கறீங்கன்னா அநேகமா உங்க வீட்ல யாரோ அக்னிவீர் ரிசல்ட்டுக்குக் காத்துட்டு இருக்கணும், இல்ல சேந்து ட்ரெய்னிங்ல இருந்து போன்ல அழுதிருக்கணும். அப்படி வச்சுக்கிட்டுதான் எழுதறேன், தப்பா இருந்தா விட்டுடுங்க.

நான் வேலூர் பக்கம். 1998ல பெங்களூரு சென்டர்ல மெட்ராஸ் சாப்பர்ஸ்ல (ராணுவத்தோட இன்ஜினியர் படை) சேந்து ஹவில்தாரா வெளிய வந்தவன். ஏர்ஃபோர்ஸ், நேவி கதையெல்லாம் வேற, அதை அவங்கதான் சொல்லணும்.

சுருக்கமா சொன்னா, பட்டப்பேருக்கு எனக்குக் கோவம் வந்ததில்ல. கவர்மெண்ட் பேப்பர்ல எழுதியிருக்கற நல்ல பேர் இருக்கே, அதுக்குத்தான் வந்திருக்கு. அது எப்படின்னு சொல்றேன்.

முதல்ல ரங்ரூட், அதாவது புதுசா சேந்த ரெக்ரூட். ட்ரெய்னிங்ல உங்களுக்கு வேற பேரே கிடையாது. அப்பா அம்மா வச்ச பேரு டிரங்குப் பொட்டிக்குள்ள போயிடும். "ஏ ரங்ரூட்"னு ட்ரெய்னிங் குடுக்கற உஸ்தாத் கத்துனா அம்பது பேரும் திரும்பிப் பாப்போம், யாரைக் கூப்பிட்டாருன்னு தெரியாது, அதுக்கும் சேத்து எல்லாருக்கும் ரகடாங்கற தண்டனைப் பயிற்சி. ரங்ரூட் நடந்து போகக்கூடாது, கக்கூசுக்குக் கூட ஓடித்தான் போகணும். ராத்திரி கம்பளிக்குள்ள அழுதவனுங்களும் இருந்தாங்க, நான் இல்லன்னு சொல்லிக்கிறேன். ஆனா அதுல ஒரு நியாயம் இருந்துச்சு, ரங்ரூட்ங்கறது எல்லாருக்கும் ஒரே பேரு. எம்.எல்.ஏ. சிபாரிசுல வந்தவனும் ரங்ரூட், ரேஷன் அரிசி சாப்ட்டு வந்தவனும் ரங்ரூட். சத்தியப் பிரமாணம் எடுக்கற கசம் பரேட் முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலம் அதே உஸ்தாத் வந்து தோள்ல கை போட்டு "சாப்பர்"னு கூப்பிட்டாரு. அந்த ஒரு சொல்லுக்குக் கெடச்ச மரியாதை, பத்து மாசம் ரங்ரூட்டா கெடந்தாத்தான் புரியும்.

இங்க சிவில் ஆளுங்களுக்கு ஒண்ணு. எல்லாரும் "சிப்பாய், சிப்பாய்"ங்கறீங்களே, அது காலாட்படைக்குச் சொல்றது. அடிமட்ட ரேங்க் ஒண்ணுதான், பேரு மட்டும் படைக்குப் படை மாறும். எங்க ஆளு சாப்பர், பீரங்கிக்காரன் கன்னர், டேங்க் படையில சவார், சிக்னல்ஸ்ல சிக்னல்மேன், வண்டி ரிப்பேர் பாக்கற இ.எம்.இ.ல கிராஃப்ட்ஸ்மேன், கார்ட்ஸ் படையில கார்ட்ஸ்மேன். ஒரு கன்னரைப் போய் சிப்பாய்னு கூப்பிட்டுப் பாருங்க, மூஞ்சி சுருங்கிடும். அந்த அளவுக்கு ரோஷம் இருக்கு. எனக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப அந்த வீட்டுப் பெரியவரு "வெறும் சிப்பாய்தானா?"ன்னு கேட்டாரு. இல்லீங்க சாப்பர்னு சொன்னேன். அது இன்னும் கீழயான்னு கேட்டாரு. அந்தப் பொண்ணைக் கட்டிக்கல.

அடுத்தது "தம்பி". இது ரேங்க் பேரும் இல்ல, திட்டும் இல்ல. வடக்கத்தி ஆபீசருங்க மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஆளுங்களையும் எங்களையும் தம்பின்னுதான் சொல்லுவாங்க, மராத்தாக்காரங்களுக்கு கண்பத், கட்வாலிங்களுக்கு புல்லா. இதுக்கு நான் எப்பவும் சந்தோஷம்தான் பட்டிருக்கேன், ஏன்னா சொல்றவங்க குரல்ல பெருமை இருக்கும், "தம்பிங்க பாலம் போட்டுட்டாங்களா?"ன்னு கேக்கறப்ப விடிய விடிய தண்ணியில நின்னது மறந்துடும். உடனே ஒருத்தர் வந்து, நாப்பது வயசு ஹவில்தாரை இருபத்து மூணு வயசு லெப்டினண்ட் தம்பின்னு கூப்பிடறது சரியான்னு கேப்பீங்க. நல்ல ஆபீசருங்க நேர்ல பேரு சொல்லித்தான் கூப்பிடுவாங்க, இல்ல ஹவில்தார்னு சொல்லுவாங்க. கூட்டமா சொல்றப்பதான் தம்பி. அந்த வித்தியாசம் தெரியாத ஆபீசரும் உண்டு, இல்லன்னு சொல்லல.

ஃபீத்திங்கறது கைப்பட்டை. லான்ஸ் நாயக்னா ஒண்ணு, நாயக்னா ரெண்டு, ஹவில்தார்னா மூணு. ஒத்த ஃபீத்திக்காரன் பாடுதான் படு மோசம். கீழ இருக்கறவன் "இவன் நேத்து வரைக்கும் நம்மகூட லங்கர் சமையக்கட்டுல வெங்காயம் உரிச்சவன்தானே"ன்னு சொல்பேச்சுக் கேக்க மாட்டான், மேல இருக்கறவன் எது தப்பானாலும் இவனைத்தான் புடிப்பான். ஆனாலும் அந்தக் கேலிக்குக் கூட ஏங்கறவன் இருக்கான், அதை யாரும் எழுத மாட்டேங்கறீங்க. எம்.ஏ.சி.பி.ன்னு ஒண்ணு இருக்கு, ப்ரமோஷன் கெடைக்காதவனுக்கு 8, 16, 24 வருஷம் ஆனா மேல் ரேங்க் சம்பளம் குடுத்துடுவாங்க. சம்பளம்தான், கையில ஃபீத்தி ஏறாது. பதினாறு வருஷ சர்வீஸ்காரன் ஹவில்தார் சம்பளம் வாங்கிட்டு மொட்டக் கையோட ஃபாலின் வரிசையில புதுசா வந்த பசங்ககூட நிப்பான். அவனைப் பாத்து பசங்க "எம்.ஏ.சி.பி. ஹவில்தார் சாப்"னு சல்யூட் அடிக்கிற மாதிரி நடிப்பாங்க. கேலிங்கற பேர்ல குத்தறதுன்னா அது ஒண்ணைத்தான் சொல்லுவேன். மேப் ரீடிங்லயோ படிப்பு சர்ட்டிஃபிகேட்லயோ தங்கிப்போனவன் எல்லாம் சோம்பேறி இல்லங்க. எங்க யூனிட்ல ஒருத்தர் பெய்லி பாலம் (இரும்புப் பேனலைக் கோத்துப் போடறது) போடறதுல புலி, பேனல் தூக்கிட்டு வர்றவன் காலடிச் சத்தத்தை வச்சே எவன் தோள் கொடுக்கலன்னு சொல்லுவாரு. இந்தி பரீட்சைன்னா மட்டும் கை நடுங்கும். மொட்டக் கையோடதான் வீட்டுக்குப் போனாரு.

இப்ப என் கதைக்கு வர்றேன். எனக்கு யூனிட்ல வச்ச பேரு "பாலாறு". வேலூர்க்காரன், அதுவும் அப்ப ஒட்டி உலந்து போயிருப்பேன். "பாலாறு மாதிரியே காஞ்சு கெடக்கான்"னு ஒரு மலையாளி ஹவில்தார் ஆரம்பிச்சு வச்சாரு, கடைசி வரைக்கும் அதுதான். 2001 டிசம்பர்ல பாராளுமன்றத்து மேல தாக்குதல் நடந்ததும் ஆபரேஷன் பராக்ரம்னு பெரும் படையை எல்லைக்கு நகத்துனாங்க. எங்களை ராஜஸ்தான்ல கொண்டு போய் விட்டாங்க. மைன், அதான் கண்ணிவெடி, போட்டதும் சாப்பருங்கதான், அடுத்த வருஷம் அதை எடுத்ததும் சாப்பருங்கதான். போடறது கூட ஒரு மாதிரி முடிஞ்சுடும், எடுக்கறது இருக்கே, அது எமனோட பேரம் பேசற வேலை. பாலைவனத்து மணல் காத்துக்கு நகந்துக்கிட்டே இருக்கும், மேப்ல குறிச்ச இடத்துல மைன் இருக்காது. குப்புறப் படுத்துக்கிட்டு ப்ராடர் கம்பியைச் சாய்வா, ஒரு முப்பது டிகிரியில மணலுக்குள்ள மெதுவா செருகிச் செருகிப் பாக்கணும். நேரா குத்துனா மைனோட தலையில இடிக்கும், கதை முடிஞ்சுது. வேர்வை கண்ணுக்குள்ள எறங்கும், துடைக்கக் கையை எடுக்க முடியாது. அப்ப பின்னாலேர்ந்து அந்த ஹவில்தார் "எடா பாலாறே, மெல்ல மெல்ல"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. அந்த நேரத்துல அவர் என்னை ரேங்கோட முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா, நான் ஏதோ மிதிச்சுட்டேன்னுதான் நெனச்சிருப்பேன்.

அதே கேம்ப்ல நடந்த இன்னொண்ணு. யாரோ பெரிய ஆள் பாக்க வர்றாருன்னு டென்ட் போடணும், பாதை ஓரத்துல கல்லு அடுக்கி கெருவும் (செங்காவி) சுண்ணாம்பும் அடிக்கணும் (மிலிட்டரில நகராத எதுக்கும் சுண்ணாம்பு அடிச்சுடுவாங்க, அது உங்களுக்கே தெரியும்). என்னென்ன வேணும்னு மேலேர்ந்து ஒரு பேப்பர் வந்துச்சு. ஸ்டோர்ல கொண்டு போய்க் குடுன்னு என் கையில குடுத்தாங்க. போற வழியில படிச்சேன். பெல்ச்சா 20, கைந்தி 15, ஓ.ஆர். 30, சுண்ணாம்பு 4 மூட்டை. சிவில் ஆளுங்களுக்குப் புரியணும்னா, பெல்ச்சா மண்ணள்ளற ஷவல், கைந்தி குந்தாலி, அந்த ஓ.ஆர். நாங்க. அதர் ராங்க்ஸ். ஆபீசரும் இல்லாத, ஜே.சி.ஓ.வும் (சுபேதார் மாதிரி ரேங்க்) இல்லாத மிச்சம் மீதி. குந்தாலிக்கும் சுண்ணாம்புக்கும் நடுவுல முப்பது பேரை எழுதியிருக்காங்க. எழுதுன கிளார்க்கும் ஒரு ஓ.ஆர்.தான், அவனும் எதுவும் நெனச்சு எழுதல, ஃபார்ம் அப்படி. அதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. திட்டணும்னு நெனச்சு ஒருத்தன் திட்டுனா திருப்பி மனசுக்குள்ளயாவது நாலு வார்த்தை திட்டலாம், இதுக்கு யாரைத் திட்டறது?

அன்னைக்கு லாரியில ஏறறப்ப "பாலாறு, குந்தாலியை என் கால்ல போடாதடா"ன்னு ஒருத்தன் கத்துனான். அதுக்குச் சிரிச்சேன். வித்தியாசம் இவ்ளோதான்.

இதை நான் ஆபீசருங்களைக் குறை சொல்ல எழுதலைங்க. எங்களுக்கு முன்னாடி மைன் ஃபீல்டுல கால் வச்ச ஆபீசருங்களைப் பாத்திருக்கேன். அதே சமயம் எல்லாம் பூ மாதிரி இருந்துச்சுன்னும் சொல்ல மாட்டேன். ஆபீசர் கூட இருக்கற ஆளை பேட்மேன்னாங்க, ஆர்டர்லின்னாங்க, சஹாயக்னாங்க, அப்புறம் இங்கிலீஷ்ல பட்டின்னாங்க (Buddy). கடைசிப் பேரைக் கேட்டு மலையாளிப் பசங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே, அவங்க பாஷையில பட்டின்னா நாய். பேரு மாறிட்டே வந்துச்சு, ஆபீசர் வீட்டம்மா மேம்சாப்போட காய்கறிப் பை மாறல. 2008ல பாராளுமன்ற நிலைக்குழுவே இந்த முறையை எடுத்துடுங்கன்னு சொல்லுச்சு, நான் சொல்றதா நெனச்சு என் மேல பாயாதீங்க. சமையல், சலவை, முடி வெட்டறது பாக்கற ட்ரேட்ஸ்மேன் நிலைமை அதை விட மோசம். ஒருத்தருக்கு ரெண்டாவது ஃபீத்தி போட்டு, யூனிட்டோட தலைமை ஆபீசர் சி.ஓ. கையால லட்டு ஊட்டி, எல்லாரும் கை தட்டுனோம். அஞ்சு நிமிஷம் கழிச்சு அதே கூட்டத்துலேர்ந்து "தோபி, என் யூனிஃபார்ம் ரெடியா?"ன்னு ஒரு குரல். அவரு நாயக்னு சொல்லுன்னு கேக்கவும் இல்ல, கோவப்படவும் இல்ல. லட்டை முழுங்கிட்டு "ஆகுது"ன்னாரு. அதையும் பட்டப்பேர்னு சொல்லுவீங்களான்னு தெரியல, எனக்கு வேற மாதிரி தெரியுது.

இப்ப அக்னிவீர். 2022ல கொண்டு வந்தாங்க, நாலு வருஷம், அதுல நாலுல ஒருத்தனைத்தான் நிரந்தரமா வச்சுக்குவாங்க. எங்க ஊர்ல லீவுக்கு வர்ற பசங்களை டீக்கடையில "காண்ட்ராக்ட் மிலிட்டரி"ன்னு கிண்டல் பண்றாங்க. பண்றவன் ஒரு நாள் கூட அஞ்சு கிலோமீட்டர் ஓடியிருக்க மாட்டான். உங்க பையனுக்கோ தம்பிக்கோ வலிக்கப் போறது உஸ்தாத் வாய்லேர்ந்து வர்றது இல்ல, இந்த டீக்கடைப் பேருதான். முடிஞ்சா அந்தப் பெஞ்சுப் பக்கம் போகாதன்னு சொல்லி வைங்க.

டீக்கடைன்னதும் ஞாபகம் வருது. நாங்க ரிட்டயர் ஆகி வந்தா எங்களுக்கு ஊர் வைக்கிற ஒரே பேரு "மிலிட்டரி". "என்ன மிலிட்டரி, கேன்டீன் போனியா, ரம்மு இருக்கா?" மைன் ஃபீல்டுல படுத்ததை ஒருத்தன் கேட்டதில்ல. கோட்டா எவ்ளோன்னு மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். கல்யாண வீட்ல பந்தியில கூடக் கேக்கறானுங்க. தர முடியாதுன்னா "மிலிட்டரிக்காரனுக்குக் கை வராதுப்பா"ன்னு ஒரு பேச்சு.

பேரு விஷயத்துல எனக்கு நெசமாவே தீராத கோவம் ஒண்ணு இருக்கு, கேள்விக்கு சம்பந்தமில்லதான், இருந்தாலும் சொல்லிடறேன். நம்மளுக்கு இனிஷியல்தானே. சேரும்போது கிளார்க் அதை விரிச்சு, எம் பேருக்குப் பின்னால எங்கப்பா பேரைப் போட்டு, அதைக் குடும்பப் பேர்னு ஆக்கிட்டான். சர்வீஸ் முழுக்க ரோல் காலில் எங்கப்பாவைத்தான் கூப்பிட்டாங்க, நான்தான் ஹாஜர் சொன்னேன். நாயக் ஆனது எங்கப்பா, ஹவில்தார் ஆனது எங்கப்பா. அவரு ஊர்ல கடலை வெதச்சுட்டு இருந்தாரு. அது கூடப் போகட்டும், பொண்டாட்டி பேருல ஒரு எழுத்து தப்பாப் போட்டுட்டாங்க. ஆதார்ல ஒரு மாதிரி, சர்வீஸ் ரெக்கார்டுல ஒரு மாதிரி, பென்ஷன் ஆர்டர்ல மூணாவது மாதிரி. நான் செத்தா குடும்ப பென்ஷன் யாருக்குன்னு அவ கேக்கறா, இதுல பதில் சொல்ல முடியல. அஃபிடவிட் குடு, பேப்பர்ல விளம்பரம் குடு, நாங்க அனுப்பிட்டோம், அங்கேர்ந்து வரலன்னு இன்னும் அலைய விட்டுட்டு இருக்காங்க.

அதனால உங்க வீட்டுப் பையன் செலக்ட் ஆனா, ரங்ரூட்னு கூப்பிடுவாங்களே, தம்பிம்பாங்களேன்னு கவலைப்படறதை விட்டுட்டு, மார்க் ஷீட், ஆதார், சாதிச் சான்றிதழ் எல்லாத்துலயும் பேரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கான்னு இன்னைக்கே எடுத்து வச்சுப் பாருங்க. கல்யாணம் ஆனதும் பொண்டாட்டி பேரை எழுதிக் குடுக்கறப்ப பெரிய எழுத்துல, அடிச்சுத் திருத்தாம எழுதச் சொல்லுங்க, ஆர்டர் வந்ததும் ஒரு காப்பி வாங்கி அவனே ஒரு ஒரு எழுத்தா படிச்சுப் பாக்கட்டும். ரம் கேட்டு இன்பாக்ஸ்ல வர்றவங்களுக்கு இந்த மாசம் கோட்டா முடிஞ்சுது.