மருந்துக் கடைக்கு ட்ரோன் வாங்கலாமா?

கோவை சிங்காநல்லூரில் மருந்துக் கடை நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஆறு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள முதியவர்களுக்கு மாதாந்திர மருந்துகளை வீட்டுக்கே அனுப்புகிறேன். டெலிவரிக்கு வரும் பையன்கள் நிலைப்பதில்லை. ட்ரோன் வாங்கினால் பத்து நிமிடத்தில் மருந்து போய்விடும், மானியமும் லைசென்ஸும் தானே வாங்கித் தருவதாகத் தரகர் ஒருவர் சொல்கிறார். விலை நாலே முக்கால் லட்சம். 25,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கொடுக்கலாமா?"

கொடுக்க வேண்டாம். ட்ரோன் பயனற்றது என்பதால் இதைச் சொல்லவில்லை. உங்கள் தேவைக்கும் அந்தக் கருவிக்கும் பொருந்தாது என்பதால் சொல்கிறேன்.

முதலில் தூரக் கணக்கைப் பாருங்கள். சுமையோடு 20 நிமிடம் பறக்கும் ட்ரோன் ஒன்று மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொண்டால், ஆறு கிலோமீட்டர் போக 9 நிமிடம், திரும்ப 9 நிமிடம். பொட்டலத்தை இறக்க மிஞ்சுவது இரண்டே நிமிடம். இது காற்றில்லாத நாளின் கணக்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் கோவைக்குள் காற்று எப்படிப் புகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மணிக்கு 25 கிலோமீட்டர் எதிர்காற்று இருந்தால், மேற்கே போகும் ட்ரோனின் நிகர வேகம் 15 ஆகிவிடும். போவதற்கே 24 நிமிடம் தேவைப்படும், அதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். அப்படியே போய்ச் சேர்ந்தாலும் ஒரு பயணத்தில் ஒரு வீடுதான். உங்கள் பையனோ ஒரே சுற்றில் பத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு வருவான்.

இறக்குவது அதைவிடச் சிரமம். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் நாங்கள் சோதித்தபோது, கயிற்றில் இறக்கிய அரைக் கிலோ பொட்டலம் ஊசல்போல ஆடி ஆடி, முற்றத்துக்குப் பதில் பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் போய் உட்கார்ந்தது. அங்கே தென்னை மரங்கள் மட்டுமே இருந்தன. சிங்காநல்லூர்த் தெருவில் மின்கம்பி, கேபிள் டிவி ஒயர், மாடியில் துணிக்கொடி எல்லாம் இருக்கின்றன. மாத்திரையை எடுக்க எழுபது வயதுப் பெரியவர் மொட்டை மாடிக்கு ஏற வேண்டும் என்றால், நீங்கள் வீட்டுக்கே அனுப்புவதன் பொருள் என்ன?

சட்டத்துக்கு வருகிறேன். 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து எட்டு கிலோமீட்டருக்குள் எந்த உயரத்திலும் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. பீளமேட்டு விமான நிலையம் உங்கள் கடைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். அதோடு, கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு ட்ரோனை அனுப்ப நிறுவனங்கள் தனி விலக்குப் பெற்றுத்தான் சோதனைகள் நடத்தியிருக்கின்றன. விண்ணப்பித்தவுடன் கடைக்காரர் ஒருவருக்குக் கிடைத்துவிடும் சலுகை அல்ல அது. விதிகளை எளிமையாக்கிவிட்டதாகப் பெருமை பேசுகிறவர்கள், சிறு வியாபாரி எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று எளிய தமிழில் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தால், தரகருக்கு இங்கே வேலையே இருந்திருக்காது.

"250 கிராமுக்குக் குறைந்த ட்ரோனுக்கு லைசென்ஸே வேண்டாம்" என்றும் அவர் சொல்லியிருப்பார்; எல்லாத் தரகர்களும் சொல்வது இது. நானோ எனப்படும் இந்த வகைக்கு, ட்ரோன் ஓட்டுவதற்கான ரிமோட் பைலட் சான்றிதழும் மூன்றாம் நபர் காப்பீடும் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த 250 கிராம் என்பது ட்ரோனின் எடை மட்டும் அல்ல, அது தூக்கும் சுமையும் சேர்ந்த மொத்த எடை. 200 கிராம் ட்ரோன் என்றால் மிச்சம் 50 கிராம். ஒரு இருமல் மருந்துப் பாட்டிலைக்கூட அது தூக்காது. இரண்டு கிலோவுக்குட்பட்ட மைக்ரோ வகைக்கும் பைலட் சான்றிதழில் விலக்கு உண்டு. அது வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு மட்டும். "டெலிவரிக்குக் கட்டணம் வாங்காவிட்டால் வணிகம் ஆகாது" என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். விற்ற மருந்தைத்தானே அனுப்புகிறீர்கள்? அந்தச் சமாதானத்தை நம்பிப் பறக்கவிட்டு மாட்டிக்கொண்டால், அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம். அதைக் கட்டத் தரகர் வரமாட்டார்.

மானியப் பேச்சு இன்னும் மோசம். மத்திய அரசின் நமோ ட்ரோன் தீதி திட்டம், மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை கொடுப்பது, வயலில் உரமும் பூச்சிமருந்தும் தெளிக்கும் ட்ரோனுக்காக. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தின் மானியமும் விவசாயத்துக்குத்தான். யாரோ ஒரு குழுவின் பெயரில் தெளிப்பான் ட்ரோனை வாங்கி, தொட்டியைக் கழற்றிவிட்டுப் பெட்டி மாட்டித் தரும் தந்திரமும் நடக்கலாம். பூச்சிமருந்து தெளித்த கருவியில் மாத்திரையை அனுப்பப் போகிறீர்களா?

லைசென்ஸை அவர் வாங்கித் தரவே முடியாது. 18 முதல் 65 வயதுக்குட்பட்ட, பத்தாம் வகுப்பு தேறிய ஒருவர், அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் தானே பயின்று பெற வேண்டிய சான்றிதழ் அது.

ட்ரோன் டெலிவரி எங்கே பயன்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். 2021 அக்டோபரில் மணிப்பூரின் லோக்தாக் ஏரித் தீவுக்குத் தடுப்பூசி போனது. சாலை வழி 26 கிலோமீட்டர், வான்வழி 15. 2022 மே மாதம் குஜராத்தின் கட்ச் பகுதியில் அஞ்சல் துறை 46 கிலோமீட்டருக்கு ஒரு பார்சலை 25 நிமிடத்தில் அனுப்பியது. ருவாண்டாவில் 2016 முதல் மருத்துவமனைகளுக்கு ரத்தம் போகிறது. பாதை சுற்றும் இடத்தில், அவசரப் பொருளை, ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். வீட்டு வாசலுக்கு அல்ல. வீட்டு வாசலுக்குக் கொடுப்பதாக 2013-இல் அறிவித்த அமேசானுக்கே, அமெரிக்காவின் இரண்டு ஊர்களில் தொடங்க 2022 ஆண்டுக் கடைசி ஆயிற்று.

முன்பணத்தைப் பற்றி: அந்த ட்ரோனின் வகைச் சான்றிதழ் (அந்த மாடல் சோதனையில் தேறியதற்கான சான்று) எண்ணை எழுத்தில் கேளுங்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் பதிவெண் வாங்க முடியாது. வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியிலேயே தடை வந்துவிட்டதால், "சிங்கப்பூர் சரக்கு" என்ற பதிலை ஏற்காதீர்கள். ஒரு வாரத்தில் எண் வராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவை இன்றே எடுத்து வையுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், அடுத்த முறை அவர் கடைக்கு வரும்போது, வேறு எதுவும் பேசுவதற்கு முன் ரசீதில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.