வலி இல்லை என்றால் சொல்ல வேண்டாமா?

கேள்வி: எனக்கு 27 வயது, தலைப்பிரசவம். கோவையில் கணவரோடும் அத்தையோடும் இருக்கிறேன். வளைகாப்பு முடிந்துவிட்டது. ஒன்பதாம் மாதம் தென்காசிப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போய், அங்கேயே சுகப்பிரசவமாகப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்தே ஆசை. தூளி கட்டப் பாட்டியின் நூல் சேலையைக்கூட அம்மா துவைத்து வைத்திருக்கிறாள். 32-வது வார ஸ்கேனில், நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை முழுக்க மூடியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பயணம் கூடாதாம், 37-வது வாரத்தில் சிசேரியனாம். நடுவில் ஒருநாள் காலையில் லேசாக ரத்தம் பட்டது, வலி இல்லாததால் யாரிடமும் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டில் எப்படித் தங்குவது என்று அம்மாவும் இங்கே வரத் தயங்குகிறாள். தினமும் அழுகிறேன். மனதை எப்படித் தேற்றிக்கொள்வது?
- பெயர் வேண்டாம், கோவை.

பதில்: மனதை அப்புறம் தேற்றலாம். சிசேரியனுக்கும் அம்மாவின் தயக்கத்துக்கும் நடுவே "லேசாக ரத்தம் பட்டது" என்று செருகியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். இதழ் அச்சாகி வரும்வரை பொறுக்கிற விஷயமா இது? கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அன்றே பேசினேன், நீங்களும் சாயங்காலமே டாக்டரைப் பார்த்துவிட்டீர்கள். அதனால்தான் இப்போது கை நடுங்காமல் திட்ட முடிகிறது.

போனில் உண்மை வந்தது. "சொன்னா அட்மிட் போட்டுடுவாங்க, அப்புறம் ஊருக்குப் போகவே முடியாது." அப்படியானால் வலி இல்லாததால் நீங்கள் மறைக்கவில்லை. டாக்டர் கூடாது என்ற பிறகும் ஊருக்குப் போகலாம் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கோவையிலிருந்து உங்கள் ஊர் ஏழெட்டு மணி நேரம். ராத்திரி இரண்டு மணிக்கு வழியில் ரத்தம் கொட்ட ஆரம்பித்திருந்தால் யாரைக் கூப்பிட்டிருப்பீர்கள்?

வலியில்லாமல் வருவதுதான் இந்த ரத்தப்போக்கின் அடையாளமே. பிளாசென்டா ப்ரீவியா என்று உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டிலேயே இருக்கும். கடைசி மாதங்களில் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி விரிந்து மெலிந்துகொண்டே போகும். அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் நஞ்சுக்கொடி அந்த இழுப்பில் ஓரம் பிரியும், ரத்தம் வரும். முதல் தடவை கொஞ்சமாக வந்து தானாகவே நின்றும் போகும். அடுத்தது எப்போது வரும், எவ்வளவு வரும் என்று டாக்டராலும் சொல்ல முடியாது. உங்கள் ரத்த வகை என்ன என்று எழுதவில்லை. நெகட்டிவ் வகையாக இருந்தால், பிள்ளையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடம்பு கிளம்பாமல் தடுக்கிற ஆன்டி-டி ஊசியை ரத்தம் பட்ட 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். வாயைத் திறக்காதவளுக்கு எந்த ஊசியை யார் போடுவது?

சிசேரியன் என்றதும் சந்தேகம் வருவதை நான் குறை சொல்லமாட்டேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 45 பிரசவங்கள் கத்தியில்தான் முடிந்திருக்கின்றன. அத்தனையும் தேவைதானா என்று நானும் கேட்பேன். உங்கள் விஷயத்தில் கேட்கமாட்டேன். வாசலை நஞ்சுக்கொடி அடைத்துக்கொண்டிருக்கும்போது பிள்ளை எந்த வழியாக வரும்? பிரசவ வலி கிளம்பி ரத்தம் கொட்டுவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்றுதான் 37-வது வாரத்தைச் சொல்லியிருக்கிறார்கள். முதுகில் ஊசி போட்டுச் செய்கிற ஆபரேஷன் என்றால் விழித்துக்கொண்டேதான் இருப்பீர்கள். பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்கலாம்.

சரி, இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரே ஒரு வார்த்தை, அதுவும் அவரோடு இருக்கிறேன் என்பதற்காக. தகப்பனாகப் போகிறவருக்கு வேலை இருக்கிறது. உங்கள் ரத்த வகைக்குக் கொடுக்கக்கூடிய நாலு பேரை இப்போதே பேசி வைக்க வேண்டும். ரத்த வங்கியில் எத்தனை யூனிட் தயாராக இருக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு வர வேண்டும். ராத்திரி போனை சைலன்ட்டில் போடக் கூடாது. பகலில் உங்களோடு வீட்டில் இருப்பவர் அத்தைதானே? இனி ஒரு சொட்டுப் பட்டாலும் முதலில் அவருக்குத் தெரிய வேண்டும். அடுத்த நிமிஷம் ஆஸ்பத்திரி, வண்டி கிடைக்காவிட்டால் 108. அந்தரங்கம், கூச்சம் என்பதெல்லாம் மற்ற நாட்களுக்கு. பிள்ளையை வயிற்றில் வைத்திருப்பவள் ரத்தத்தை மறைப்பதை நான் திருட்டு என்றுதான் சொல்வேன், அவளே அவளிடம் செய்துகொள்கிற திருட்டு.

உங்கள் அம்மாவுக்கும் இதையே உரக்கப் படித்துக் காட்டுங்கள். தலைப்பிரசவத்தைப் பார்ப்பது பெற்றவள் கடமை என்று வைத்தார்களே, அந்தக் கடமை தென்காசி வீட்டுச் சுவருக்கா, அந்த அம்மாளுக்கா? மகள் போக முடியாவிட்டால் தாய் வர வேண்டும். சம்பந்தி வீட்டில் சோறு தின்னக் கூச்சமாக இருந்தால் பக்கத்துத் தெருவில் ஒரு அறை வாடகைக்குப் பிடிக்கட்டும், அப்பா ஊரில் கொஞ்ச நாள் தானே சமைத்துச் சாப்பிடட்டும். ஆனால் அழைக்க வேண்டியது உங்கள் அத்தை. "வாங்க சம்பந்தி, நம்ம வீட்லயே இருங்க" என்று அவர் வாயால் ஒரு போன் போதும். அவரிடம் கேட்க உங்களுக்குத் தயக்கம் என்றால் கணவரைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் அம்மாவிடம் பேச அவருக்கு என்ன வெட்கம்?

அழுகை வந்தால் அழுங்கள், ஆசைப்பட்டது கிடைக்காதபோது யாருக்கும் வரும். பாட்டி சேலையை மட்டும் அம்மா மறக்காமல் பையில் வைத்து எடுத்து வரட்டும். கோவை வீட்டு உத்தரத்தில் தூளிக்குக் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இந்த ஞாயிற்றுக்கிழமையே கணவரை ஒன்று அடிக்கச் சொல்லுங்கள்.