பூங்கா வந்தால் மகன் ஊர் திரும்புவானா?

கேள்வி: எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. பச்சை இலை விலையை நம்பிப் பிழைக்க முடியவில்லை. மகன் பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு திருப்பூர் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். ஆய்வகங்களும் கம்பெனிகளும் ஒரே இடத்தில் கூடும் அறிவியல் பூங்கா நீலகிரிக்கு வந்தால் இங்கேயே வேலை என்கிறார்கள். நம்பலாமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: நம்பலாம் அம்மா, ஆனால் அவசரப்படாதீர்கள். அமெரிக்காவின் வட கரோலினாவும் புகையிலை, துணி, மரச்சாமான் என்று பழைய தொழில்களிலேயே ஓடிய மாநிலம்தான். மூன்று பல்கலைக்கழகங்களுக்கு நடுவே 1959-இல் ஆராய்ச்சிப் பூங்கா தொடங்கினார்கள். பெரிய கணினிக் கம்பெனியான ஐ.பி.எம். அங்கே வருவதாக அறிவித்தது 1965-இல். நடுவில் ஆறு வருடம்! அதுவரை மகன் சும்மா காத்திருக்க முடியாது.

நம் மலைக்கு அறிவியல் ஒன்றும் புதிதில்லை. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 1970-இல் எழுந்த, வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பாருங்கள், 530 மீட்டர் நீளம். அதை அமைத்த விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் ஊட்டிக்கு வந்ததே அந்த மலைச்சரிவுக்காக. சரிவும் ஊரின் அட்சரேகையும் ஏறக்குறைய ஒன்று, 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைகிறது; அந்த ஒரே அச்சில் திருப்பியே ஒரு விண்மீன் மண்டலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். பூங்காவும் இப்படி இந்த மண்ணில் இருப்பதைப் பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும்.

நான் குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் இருந்தவன். வாடிய இலையை மேஸ்திரி ஒரு பிடி அள்ளி இறுக்குவார். விரலைப் பிரித்ததும் உருண்டை குலையாமல் நின்றால்தான் இயந்திரத்துக்கு அனுப்புவார். அப்புறம் ஈரம் அளக்கும் மீட்டர் வந்தது. அது பழுதானால் கோவையிலிருந்து ஆள் ஏறி வர வேண்டும். பர்லியாறு பக்கம் மண் சரிந்துவிட்டால் இரண்டு நாள் ஆகும், திரும்பவும் மேஸ்திரி கைதான். அந்த மீட்டரைச் சரிசெய்யத் தெரிந்த ஒரு பையன் ஊரிலேயே இருந்தால் எத்தனை தொழிற்சாலைக்கு உதவியிருப்பான் என்று அன்றைக்கே நினைத்தேன்.

மகனிடம் சொல்லுங்கள், இப்போதே ஆய்வகக் கருவிகளைக் கையாளவும் பழுதுபார்க்கவும் பழகட்டும். பூங்கா பற்றி ஊரில் கூட்டம் போட்டால் நீங்களே எழுந்து கேளுங்கள்: தேயிலை, மண், தண்ணீர் பரிசோதிக்க ஆய்வகம் உண்டா? அதில் எங்கள் பிள்ளைகளுக்கு எத்தனை பயிற்சி இடம்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.