மனம் எப்போதும் நாளைக்கே ஓடுகிறது. நிகழ்காலத்தில் வாழப் பழகியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பழகியவன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அதற்காகவே 10 நாள் போய் உட்கார்ந்துவிட்டு வந்தவன், அவ்வளவுதான். கேள்வியைப் பார்த்தால் நீங்களும் என்னைப் போல தேதியோடு மல்லுக்கட்டுகிற ஆள் என்று தோன்றியது.

ஈரோட்டில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவது என் பிழைப்பு. நான் பிராக்டிஷனர்தான், ஊருக்குத்தான் ஆடிட்டர். (சிஏ முடித்தவர்கள் கோபிக்க வேண்டாம், நானாகச் சொல்லிக்கொண்டது கிடையாது.) எனக்கு மாதத்தில் இரண்டே நாள்தான் உண்டு. 11ஆம் தேதி விற்பனைக் கணக்கைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி வரியைக் கணக்குப் போட்டுக் கட்டும் 3பி. 3பி தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய், கட்ட வேண்டிய வரிக்கு 18 சதவீத வட்டி தனி. மற்ற நாளெல்லாம் அந்த இரண்டு நாளை நினைத்தே கழியும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்ன குழம்பு என்று கேட்டால் தட்டைப் பார்த்துத்தான் சொல்வேன். மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு, அவளே விபஸ்ஸனா என்கிற 10 நாள் தியான வகுப்புக்கு எனக்காக விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

சென்னை திருமுடிவாக்கத்தில் தம்ம சேது என்ற மையம். 20ஆம் தேதி கடைசி ரிட்டர்னை அரக்கப்பரக்கப் போட்டுவிட்டு ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினேன். போனதும் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். புத்தகம் இல்லை, பேனா இல்லை, பேச்சும் இல்லை. விடிகாலை 4 மணிக்கு மணி, 11 மணிக்கு மதியச் சாப்பாடு, சாயங்காலம் 5 மணிக்கு டீயும் பழமும், அதோடு சரி. முதல் 3 நாள் மூச்சு மட்டும்தான். மூக்குத் துவாரத்தில் காற்று போவதையும் வருவதையும் பார்க்க வேண்டும். வேண்டுமென்று இழுக்கவோ அடக்கவோ கூடாது. செய்குதம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் நூறு விஷயங்களை ஒருசேர அவதானித்துச் சதாவதானி ஆனார். எனக்கு ஒன்றே தகராறு.

2ஆம் நாள் காலையில் ஒரு நூல் கடைக்காரரின் 3பி நினைப்பில் கிளம்பி வந்தது. ஒரே பில்லுக்கு இரண்டு தடவை ஐடிசி (சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுத்துவிட்டேனோ? போட்ட 3பியைத் திருத்த முடியாது, அடுத்த மாதம்தான் சரிக்கட்ட வேண்டும். அவ்வளவுதான், மூக்காவது மூச்சாவது. அவருக்கு நோட்டீஸ் வருகிறது, என் ஆபீஸ் படியில் நின்று கத்துகிறார், பள்ளிக்கூடம் விட்டு வரும் என் மகள் அதைப் பார்க்கிறாள் என்ற அளவுக்குப் போய்விட்டேன். மதியம் ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கலாம் என்பதால் போய்ச் சொன்னேன். "நினைப்பு போனது தெரிந்ததல்லவா? மூச்சுக்கு வாருங்கள்" என்றார். ஐடிசி பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கடுப்பாகத்தான் இருந்தது.

4ஆம் நாளிலிருந்து உடம்பைத் தலை முதல் கால் வரை பார்க்கச் சொல்வார்கள். தினமும் 3 தடவை அதிட்டானம் என்று ஒன்று. ஒரு மணி நேரம் கை காலை அசைக்கக் கூடாது. அதில் பாதிக்கு மேல் போனதும் வலது முட்டி எரியும். உண்மையைச் சொன்னால் அந்த எரிச்சலின்போது மட்டும்தான் நான் முழுசாக அங்கே இருந்தேன். அமைதி, ஆனந்தம் என்று யாராவது எழுதினால் எழுதிக்கொள்ளட்டும், எனக்குக் கிடைத்தது முட்டி. ஆனால் உற்றுப் பார்த்தால் அது ஒரே வலி இல்லை. குத்தும், சுடும், கொஞ்சம் விடும், வேறு பக்கம் போய் உட்காரும்.

இது மதமாற்றம், வியாபாரம் என்று பின்னூட்டத்தில் வருபவர்களுக்கு: கட்டணம் கிடையாது, வகுப்பை முடித்தவர்கள் விருப்பப்பட்டால் கொடுக்கலாம். சொல்லிக்கொடுக்கும் கோயங்காவின் குரலே பதிவுதான், அவர் 2013இல் காலமாகிவிட்டார். அவரும் பர்மாவில் ஒற்றைத் தலைவலி தாங்காமல் போய்க் கற்றுக்கொண்ட ஒரு வியாபாரி. மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் போகாதீர்கள். விண்ணப்பத்திலேயே கேட்பார்கள், மறைக்காதீர்கள்.

நிஜமாகவே நிகழ்காலத்தில் வாழ்கிறவர்கள் என் கிளையண்டுகள்தான். 19ஆம் தேதி ராத்திரி 9 மணிக்கு மஞ்சப்பையில் பில்லை அள்ளிக்கொண்டு வந்து "நம்மளது சின்னதுதானுங்க ஆடிட்டரே, அஞ்சு நிமிசம்" என்பார்கள். நாளை என்று ஒன்று அவர்களுக்குக் கிடையாது. என் ஃபீஸுக்கு மட்டும் எப்போதும் நாளைதான். ஒருவர் 7 மாதமாக "ஜிபே பண்ணிடறனுங்க" என்கிறார். இது கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும்.

வகுப்பு முடிந்து ஈரோட்டில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் ஆபீஸ் திறந்தேன். நூல் கடைக்காரரின் பில்லை ஒரே தடவைதான் எடுத்திருந்தேன். தப்பே இல்லை! அதே கையோடு மற்றதையும் பார்த்தபோது, ஒரு பாத்திரக் கடையின் விற்பனை பில் ஒன்று விட்டுப்போயிருந்தது. அது 10 நாளில் ஒரு தடவைகூட நினைப்பில் வரவில்லை. அடுத்த மாதம் சேர்த்து, வட்டியை என் கையிலிருந்து கட்டினேன்.

காலையும் மாலையும் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லி அனுப்பினார்கள். 2 மாதம் உட்கார்ந்தேன், அப்புறம் விட்டுப்போச்சு. மிச்சம் இருப்பது ஒன்றுதான். ரிட்டர்ன் போடும்போது ஓடிபி கிளையண்டின் போனுக்குப் போகும். அவர் தூங்கி எழுந்து, கண்ணாடியைத் தேடி எடுத்து, எண்ணைப் படித்துச் சொல்கிற வரைக்கும் மூக்கு நுனியைப் பார்க்கிறேன். ஏழெட்டு மூச்சு கிடைக்கும். வயசானவராக இருந்தால் பதினைந்துகூட.