பேய்ப் படம் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. நிஜமாகவே பயமுறுத்திய படம் ஏதாவது இருக்கிறதா?

கேள்வி கேட்டவர் அநேகமாக லைட்டைப் போட்டுக்கொண்டு, கையில் போனோடு படம் பார்ப்பவராக இருப்பார். அப்படிப் பார்த்தால் எந்தப் பேயும் வராது. கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் அந்த ரகம்தான்.

சமீபத்தில் ஓடிடியில் மூன்று பார்த்தேன். ‘டிமான்ட்டி காலனி 2’ (2024) சுமார். 2015ல் வந்த முதல் பாகத்துக்கு நாலு நண்பர்களும் ஒரு ரூமும் போதுமாக இருந்தது. இதில் முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டதில் பயம் பாதியிலேயே இறங்கிப் போய்விட்டது. ‘பிரமயுகம்’ (2024) கறுப்பு வெள்ளையில் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும். மம்மூட்டி பகடை ஆட உட்காரும் இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் அது நடிப்பைப் பார்த்து வந்த மிரட்சி, ராத்திரி தூக்கம் கெடவில்லை.

தூக்கம் கெட்டது ‘பூதகாலம்’ பார்த்துத்தான். 2022ல் வந்த மலையாளப் படம், பிரமயுகம் எடுத்த அதே ராகுல் சதாசிவனுடையது. பாட்டி இறந்துபோன ஒரு வாடகை வீட்டில் அம்மாவும் மகனும். பேயைக் கண்ணில் காட்டவே ரொம்ப நேரம் எடுத்துக்கொள்வார்கள்.

ரேவதி நடித்த படம் என்றதும் எங்கம்மாவும் வந்து உட்கார்ந்துவிட்டார். ‘மௌன ராகம்’ பார்த்த தலைமுறை. எங்கள் ஆச்சி இறந்து அப்போது நாலு மாசம்தான். ஆச்சி படுத்திருந்த மடக்குக் கட்டில் ஹாலில் சுவரோரமாகச் சாய்ந்தே இருந்தது. எடுத்துப் போடவும் மனசில்லை, யாரும் விரித்துப் படுக்கவும் இல்லை. படத்தில் அம்மாவும் மகனும் முகம் கொடுத்துப் பேசாமல் ஒரே வீட்டுக்குள் நடமாடுகிறார்கள். “பேய்ப் படம்னு சொன்ன, நம்ம வீட்டயில்லா படம் புடிச்சி வச்சிருக்கான்” என்றார் அம்மா. நான் பதில் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் சமையலறையில் கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளர் ஒன்று கூடையிலிருந்து உருண்டு விழுந்தது. பூனைதான். பூனையாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு பேருமே எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அம்மா மட்டும் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். கரண்ட் பில்லுக்காக என்னை நாலு தடவை திட்டுகிறவர், அன்றைக்கு ஹால் லைட்டை அணைக்கச் சொல்லவே இல்லை.

மலையாளப் படத்தைத் தூக்கி வைத்துத் தமிழ்ப் படத்தை மட்டம் தட்டுகிறான் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். ‘காஞ்சனா’வைத் தியேட்டரில் இரண்டு தடவை பார்த்தவன் நான். அது குடும்பத்தோடு போய்க் கத்திச் சிரித்துவிட்டு வரும் படம், அதை நான் குறை சொல்லவில்லை. நீங்கள் கேட்டது பயம்.

அப்புறம், இந்த மாதிரிப் படம் பார்த்தால் “வீட்டைக் காலி பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே” என்று ஒரு ஆள் கேட்பார். சென்னையில் வாடகைக்கு இருப்பவர் கேட்க மாட்டார். பேயே இருந்தாலும் பத்து மாச அட்வான்ஸ் கைக்கு வரும் வரை அதோடுதான் குடித்தனம். எங்கள் பழைய ஹவுஸ் ஓனர் பெயின்டுக்கு ஒரு மாச வாடகை, குழாய்க்கு இரண்டாயிரம், காலண்டர் மாட்டிய ஆணிக்கு ஐந்நூறு என்று பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கொடுத்தார். நாங்கள் பால் காய்ச்சக் குடி போன அன்றைக்கே அந்த ஆணி அங்கே இருந்தது.