முதல் ஐந்து யார்டைப் பாருங்கள்: மெக்மில்லன் பற்றிய கேள்வி பதில்

அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் லீகில், அணிகள் கல்லூரி வீரர்களைப் பங்கிட்டுக்கொள்ளும் நிகழ்ச்சிக்கு டிராஃப்ட் என்று பெயர். ஏப்ரல் 24 அன்று கிரீன் பே நகரில் தொடங்கிய 2025 டிராஃப்டில், கரோலைனா பாந்தர்ஸ் அணி எட்டாவது இடத்தில் டெட்டைரோவா மெக்மில்லனை எடுத்தது. அரிசோனா பல்கலைக்கழகத்தின் வைட் ரிசீவர். ஆறடி நான்கு அங்குல உயரம், 219 பவுண்டு எடை. அன்று முதல் கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. பல ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைக்காட்சிக்கு முன்னால் தொலைத்தவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். வேறு தகுதி எதுவும் எனக்கு இல்லை.

கேள்வி: எனக்கு ஐபிஎல் ஏலம்தான் தெரியும். டிராஃப்டும் ஏலம்தானா? இந்த ரிசீவருக்கு என்ன வேலை?

ஏலம் இல்லை, வரிசை. போன பருவத்தில் அதிகம் தோற்ற அணி முதலில் எடுக்கும், வென்ற அணி கடைசியில் எடுக்கும். 32 அணிகள், ஏழு சுற்றுகள். தனக்குப் பிடித்த அணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வீரருக்குக் கிடையாது. 2011க்குப் பிறகு முதல் சம்பளமும் எத்தனையாவதாக எடுக்கப்பட்டார் என்பதைப் பொறுத்தே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள். முதல் சுற்று வீரர் என்றால் ஐந்தாவது ஆண்டைச் சேர்த்துக்கொள்ளும் உரிமை அணியிடம் இருக்கும்.

குவார்ட்டர்பேக் எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர் ரிசீவர். பிடித்து அணியை முன்னேற்றும் தூரம்தான் அவர் கணக்கில் சேரும் யார்டு. அதைக் கெடுக்க எதிரில் நிற்பவர் கார்னர்பேக். இன்றைக்கு இவ்வளவு போதும்.

கேள்வி: நான் சார்லட்டில் இருக்கிறேன், பாந்தர்ஸ் ரசிகன். நம் தற்காப்பு ஓட்டைப் பானையாக இருக்கும்போது ரிசீவரை எடுப்பது என்ன நியாயம்?

உங்கள் கோபம் புரிகிறது. 2024இல் பாந்தர்ஸ் 534 புள்ளிகளை விட்டுக்கொடுத்தது. என்எஃப்எல் வரலாற்றில் ஒரே பருவத்தில் எந்த அணியும் அவ்வளவு விட்டதில்லை. வென்றது ஐந்து, தோற்றது பன்னிரண்டு.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். அதே பருவத்தில் அணியில் அதிக யார்டு சேர்த்த ரிசீவர் ஆடம் தீலன், வெறும் 615. அப்போது அவருக்கு வயது 34. முந்தைய டிராஃப்டில் முதல் சுற்றில் வந்த சேவியர் லெகெட் 497. முதல் ஆளாக நிற்கக்கூடியவர் ஒருவரும் இல்லை. 2023இல் குவார்ட்டர்பேக் பிரைஸ் யங்கை முதல் தேர்வாக எடுப்பதற்காக, கையில் இருந்த நல்ல ரிசீவர் டிஜே மூரை சிகாகோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். எறிகிறவனை வாங்கப் பிடிக்கிறவனை விற்ற கதை! அந்தக் கடனைத்தான் இப்போது அடைக்கிறார்கள். தற்காப்பையும் அடியோடு மறந்துவிடவில்லை. இரண்டாம், மூன்றாம் சுற்றுகளில் நிக் ஸ்கோர்ட்டன், பிரின்ஸ்லி உமான்மியேலன் என்று குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் இருவரை எடுத்தார்கள்.

கேள்வி: அண்ணா, மெக்மில்லன் வேகம் குறைந்தவர் என்கிறார்களே. 40 யார்டு ஓட்டத்தில் எவ்வளவு?

டிராஃப்டுக்கு முன் நடக்கும் தேர்வு முகாமில் அவர் ஓடவே இல்லை, தம்பி. பிறகு தன் பல்கலைக்கழகத்தில் ஓடினார். ஏறத்தாழ நாலரை வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னல் இல்லை, ஆமையும் இல்லை.

இந்த ஓட்டத்துக்கு இவ்வளவு மரியாதை எதற்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 2017இல் ஜான் ராஸ் 4.22 வினாடியில் ஓடிச் சாதனை படைத்தார். சின்சினாட்டி அவரை ஒன்பதாவதாக எடுத்தது. முதல் பருவத்தில் அவர் பிடித்த பந்துகள் பூஜ்ஜியம். அதே டிராஃப்டில் 4.62 ஓடிய கூப்பர் கப் மூன்றாம் சுற்றுவரை காத்துக் கிடந்தார். 2021இல் அவர் 145 பந்து பிடித்து 1,947 யார்டு சேர்த்தார். அந்தப் பருவத்து இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் சிறந்த வீரரும் அவர்தான்.

வேகம் வீண் என்று சொல்லவில்லை. நேர்க்கோட்டில், யாரும் தொடாமல், அரைக்கால் சட்டையில் ஓடும் வேகம் வேறு. ஆட்டத்தில் வேண்டிய வேகம் வேறு. ரிசீவருக்கு முதலில் வேண்டியது நிற்கும் வேகம். முழு ஓட்டத்தில் இருந்து இரண்டு மூன்று அடியில் நின்று திரும்பத் தெரிந்தவனிடம்தான் கார்னர்பேக் ஏமாறுகிறான்.

கேள்வி: அப்படியானால் நீங்கள் எதைப் பார்த்து எடை போடுவீர்கள்?

முதல் ஐந்து யார்டு. பந்து அவர் கைக்கு வரும் காட்சியை நான் கடைசியில்தான் பார்ப்பேன்.

காரணம் விதியிலேயே இருக்கிறது. என்எஃப்எல்லில் ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து ஐந்து யார்டு வரைதான் கார்னர்பேக் ரிசீவரைக் கையால் தள்ளலாம், முட்டலாம். அதைத் தாண்டித் தொட்டால் தண்டனை. ஆகவே அந்த ஐந்து யார்டுக்குள் தன் பலம் முழுவதையும் காட்டிவிடுவான். மூக்குக்கு மூக்கு நின்று நெஞ்சில் கை வைத்து நிறுத்துவதைத்தான் 'பிரஸ்' என்கிறோம். குவார்ட்டர்பேக்குக்குக் கிடைப்பது இரண்டரை, மூன்று வினாடி. அதில் ஒரு வினாடியை ரிசீவர் கைகலப்பில் இழந்தால் பந்து வேறு ஆளுக்குப் போய்விடும். அந்த ஆட்டம் முழுக்க அவர் பெயரை வர்ணனையாளர் சொல்லவே மாட்டார். வீட்டில் இருக்கும் நாம் 'இவனுக்கு என்ன ஆயிற்று?' என்று கேட்டுக்கொண்டிருப்போம்.

அந்த இடத்தில் கால் எப்படி நகர்கிறது, தள்ளவரும் கையை எப்படித் தட்டிவிடுகிறார், தோளை எவ்வளவு தாழ்த்துகிறார் என்று பார்ப்பேன். உயரமானவர்களுக்கு இதில்தான் தொல்லை. நெஞ்சு பெரிது, தள்ள வருகிறவனுக்கு வாகான இலக்கு.

அடுத்து ஓடும் பாதை. 'ரூட்' என்பார்கள். அவற்றுக்கு 0 முதல் 9 வரை எண் உண்டு. 9 என்றால் நேராக ஓடு. 8 என்றால் பாதியில் கோல் கம்பத்தை நோக்கி உள்ளே வளை. கல்லூரியில் நாலைந்து பாதைகளை வைத்தே காலம் தள்ளிவிடலாம். இங்கே பத்தும் தெரிய வேண்டும், பத்தும் முதல் பத்து யார்டில் ஒரே மாதிரி தோன்றவும் வேண்டும். இன்னொரு சின்ன விஷயம்: கல்லூரியில் எல்லைக்கோட்டுக்குள் ஒரு கால் பதிந்தால் போதும், இங்கே இரண்டும் பதிய வேண்டும். ஓரத்தில் பந்து பிடித்துப் பேர் வாங்கியவர்கள் முதல் ஆண்டில் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மெக்மில்லனுக்கு வருகிறேன். கை அற்புதம். ஹவாயில் பிறந்து கைப்பந்து ஆடி வளர்ந்தவர். பந்தைக் காற்றில் உச்சியில் சந்திப்பது அவருக்கு இயல்பாக வருகிறது. பிடித்த பிறகு ஆளைத் தாண்டி ஓடுவதிலும் அந்த உடம்புக்கு எதிர்பாராத நெளிவு இருக்கிறது. குறை, எல்லாச் சமயமும் முழு மூச்சாக ஓடுவதில்லை. தனக்குப் பந்து வராது என்று தெரிந்தால் ஓட்டம் தளர்ந்துவிடுகிறது. கல்லூரியில் இது செல்லும். இங்கே அந்தத் தளர்ச்சியைப் பார்த்தே கார்னர்பேக் அடுத்த நகர்வைப் படித்துவிடுவான்.

கேள்வி: பாஸ்டனில் இருந்து கேட்கிறேன். நிகீல் ஹாரி என்று ஒருவர் எங்களிடம் வந்தார். பெரிய உடம்பு, ஆளுக்கு மேல் எம்பிப் பிடிப்பார், அரிசோனா மாநிலம்தான். மறுபடியும் அதே படமா?

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

2019இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் ஹாரியை 32ஆவதாக எடுத்தது. அவருக்குப் பின்னால் காத்திருந்தவர்கள் யார் தெரியுமா? 36இல் டீபோ சாமுவேல், 51இல் ஏஜே பிரவுன், 64இல் டிகே மெட்காஃப். மூவரும் நட்சத்திரங்கள் ஆனார்கள். ஹாரியை 2022இல் ஒரு ஏழாம் சுற்றுத் தேர்வு உரிமைக்காக சிகாகோவிடம் தள்ளிவிட்டார்கள். முதல் ஆண்டிலேயே கணுக்காலில் அடிபட்டுப் பாதிப் பருவம் போனது அவர் போதாத காலம். ஆனால் திரும்பி வந்த பிறகும் கார்னர்பேக்கிடமிருந்து விலக முடியவில்லை. இடைவெளி உண்டாக்கத் தெரியாததால்தான் எப்போதும் ஆளுக்கு மேல் எம்பிப் பிடிக்க வேண்டியிருந்தது. கல்லூரியில் அதைத் திறமை என்று கொண்டாடினோம். அது நோயின் அறிகுறி.

மெக்மில்லனிடமும் அந்த அறிகுறி கொஞ்சம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஹாரி திரும்பும்போது லாரி திரும்புவது போல இருக்கும். இவர் அந்த உயரத்துக்கு இடுப்பைத் தாழ்த்தித் திரும்புகிறார். எனக்கு நினைவுக்கு வருகிறவர் டிரேக் லண்டன். 2022இல் இதே எட்டாவது இடத்தில் அட்லாண்டாவுக்குப் போனவர், கிட்டத்தட்ட இதே உடல்வாகு, இதே சந்தேகங்கள். முதல் ஆண்டில் 72 பந்து, 866 யார்டு. 2024இல் 100 பந்து, 1,271 யார்டு.

கேள்வி: கல்லூரிக் கணக்கை எவ்வளவு நம்பலாம்? நியூ மெக்சிகோவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 304 யார்டாமே.

நான்கு டச் டவுனும் (எதிரணியின் கடைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது) சேர்த்து. அந்த ஆட்டத்தை நான் கணக்கிலேயே எடுக்க மாட்டேன், எதிரணி அப்படி. எனக்குப் பிடித்தது வேறு. 2023இல் அரிசோனா பத்து ஆட்டம் வென்றது. அவருக்கு 1,402 யார்டு. அடுத்த ஆண்டு பயிற்சியாளர் மாறி, அணி நான்கு வெற்றிக்குச் சரிந்தது. எதிரணிகள் அத்தனையும் இவர் ஒருவரைக் குறிவைத்தே திட்டம் போட்டன. அப்போதும் 1,319. வீடு இடிந்தபோது தூண் நின்றது.

கேள்வி: பிரைஸ் யங் ஐந்தடி பத்து அங்குலம். உயரமான ரிசீவர் அவருக்கு உதவுவாரா?

உதவுவார். யங் 2024இல் இரண்டே ஆட்டத்தில் உட்காரவைக்கப்பட்டு, பிறகு திரும்பி வந்து வேறு ஆளாக ஆடினார். கடைசி ஆட்டத்தில் அட்லாண்டாவை கூடுதல் நேரத்தில் 44-38 என்று வென்றபோது மூன்று டச் டவுன் எறிந்தார், இரண்டு ஓடிச் சேர்த்தார். அவருக்குக் குறைவாக இருந்தது, பந்தைக் கொஞ்சம் தள்ளி எறிந்தாலும் எட்டிப் பிடிக்கும் ஆள். பயிற்சியாளர் டேவ் கனாலஸ் 2023இல் டாம்பா பேயில் தாக்குதல் பொறுப்பில் இருந்தார். அங்கே மைக் எவன்ஸ் என்ற ஆறடி ஐந்து அங்குல ரிசீவருக்கு அந்தப் பருவம் 1,255 யார்டு, 13 டச் டவுன். இப்படிப்பட்ட உடம்பை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

கேள்வி: நிஜ வீரர்களின் கணக்கை வைத்து நாம் ஆடும் ஃபேன்டசி அணியில் இவரை எந்தச் சுற்றில் எடுக்கலாம்?

வீட்டுச் செலவுப் பணத்தை வைத்து ஆடாதவரை எந்தச் சுற்றிலும் எடுக்கலாம்.

கேள்வி: ரிசீவர் பூக்கா நக்கூவா ஐந்தாம் சுற்று, 177ஆவது. வந்த ஆண்டே 1,486 யார்டு. டிராஃப்ட் வரிசைக்கு மதிப்பே இல்லையா?

இருக்கிறது. முதல் சுற்றில் வந்தவருக்கு வாய்ப்பு தானாகக் கிடைக்கும், பிந்தி வந்தவர் அதைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும். வாய்ப்பே பாதி வெற்றி. ஆனால் கணிப்பவர்கள் கடவுள்கள் அல்லர். 2020இல் பிலடெல்பியா 21ஆவதாக ஜேலன் ரேகரை எடுத்தது. அடுத்த நிமிடங்களில் மினசோட்டா 22ஆவதாக ஜஸ்டின் ஜெஃபர்சனை எடுத்தது. ஜெஃபர்சன் கல்லூரியில் கடைசி ஆண்டு பெரும்பாலும் உள்பக்கமாகவே ஆடினார், ஓரத்தில் பிரஸ்ஸைத் தாங்குவாரா என்பதுதான் அப்போதைய சந்தேகம். முதல் பருவத்தில் 1,400 யார்டு. பிலடெல்பியாவில் இதைப் பற்றி இன்னும் பேசாதீர்கள்.

கேள்வி: எத்தனை ஆட்டம் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லலாம்?

ஆகஸ்ட் பயிற்சி ஆட்டங்களை வைத்து ஒன்றும் சொல்லாதீர்கள். 2021இல் ஜமார் சேஸ் பயிற்சி ஆட்டங்களில் பந்தை நழுவவிட்டபடி இருந்தார். கல்லூரிப் பந்தில் வெள்ளைப் பட்டை இருக்கும், இதில் இல்லை, பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்லப்போய் ஊரே சிரித்தது. பருவம் தொடங்கியதும் 1,455 யார்டு. மறுபக்கம் டாவன்டே ஆடம்ஸ்: முதல் ஆண்டு 446, இரண்டாம் ஆண்டு 483. கிரீன் பே ரசிகர்கள் கைகழுவிவிட்டார்கள். மூன்றாம் ஆண்டு 12 டச் டவுன்.

நான் வைக்கும் கெடு மூன்று ஆண்டு. ஆனால் கணிப்பு கேட்டால் நழுவ மாட்டேன்: காயம் இல்லையென்றால் முதல் பருவத்தில் 65 முதல் 70 பந்து, 900 யார்டை ஒட்டி. அக்டோபரில் ஒரு ஞாயிறு, பாந்தர்ஸ் ஆட்டத்தில் பந்தைப் பார்க்காமல் மெக்மில்லனின் 4ஆம் எண் சட்டையை மட்டும் ஆட்டத்தின் கால் பங்கு நேரம் முழுக்கப் பாருங்கள். பந்து வேறு பக்கம் போகும்போதும் முழு ஓட்டம் ஓடுகிறாரா என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.