திண்ணை வெளிச்சத்துல அப்பத்தா – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் கோயமுத்தூர்ல வேலை பாக்குறேன், சொந்த ஊர் சிவகங்கை பக்கம். லாக்டவுன்ல யூடியூப் பாத்து பென்சில் போர்ட்ரெய்ட் வரைய ஆரம்பிச்சவ. நடிகர், நடிகை முகமெல்லாம் வரைஞ்சு போட்டா நல்லா இருக்குன்னு சொல்லுவாங்க. போன மாசி மாசம் எங்க அப்பத்தா தவறிட்டாங்க. வருஷம் முடியறதுக்குள்ள அவங்க படத்தை நானே வரைஞ்சு வீட்ல மாட்டணும்னு ஆசை. மூணு வாரம் வரைஞ்சேன். கண்ணு, மூக்கு, வாய் எல்லாம் தனித்தனியா பாத்தா கரெக்டா இருக்கு, முகத்தோட அளவும் கிளாஸ்ல சொல்ற மாதிரி சரியா வச்சிருக்கேன். ஆனா எங்க அப்பா பாத்துட்டு "நல்லாருக்கு தாயி, ஆனா ஆத்தா மாதிரி இல்லையே"ன்னுட்டார். எனக்கு அழுகையே வந்துருச்சு.

இன்னொன்னு, ஷேடிங் எல்லாம் புகை படிஞ்ச மாதிரி இருக்கு. கருப்பா வரவேண்டிய இடம் பளபளன்னு மின்னுது, மேல 8பி பென்சில் போட்டாலும் வழுக்கிட்டுப் போகுது, ஏற மாட்டேங்குது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ பாத்துதான் வரைஞ்சேன். திண்ணையில உக்காந்திருக்கும்போது நான் மொபைல்ல எடுத்த ஒரு போட்டோவும் இருக்கு, ஆனா அதுல பாதி முகம் இருட்டா இருக்கேன்னு விட்டுட்டேன். நான் வரைஞ்சதையும் ரெண்டு போட்டோவையும் அனுப்பிருக்கேன். எங்க தப்பு பண்ணேன்னு சொல்லுங்கண்ணா.

– ச.

அன்புள்ள ச.,

மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ரொம்ப நேரம் பாத்தேன். உங்க கை நல்ல கை, அதுல சந்தேகமே வேண்டாம். அந்த மூக்குத்தி மட்டுமே போதும் அதைச் சொல்ல. அப்பா சொன்னதும் சரிதான், ஆனா அதுக்குக் காரணம் உங்க கை இல்ல, நீங்க எடுத்துக்கிட்ட போட்டோவும் நீங்க நம்புன அளவும்தான்.

முதல்ல போட்டோ. பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற ஸ்டுடியோவுல முன்னாடி ரெண்டு பக்கமும் லைட்டு வச்சு அடிப்பாங்க, முகத்துல நிழலே விழக்கூடாதுன்னுதான் அப்படி, அடையாளத்துக்கு அது சரி, ஆனா வரையறவங்களுக்கு நிழல்தான் சோறு, நிழல் இல்லன்னா கன்னம் எங்க மேடு கண்ணு எங்க குழின்னு சொல்ல பென்சிலுக்கு வேற வழியே கிடையாது. அதுக்கப்புறம் கம்ப்யூட்டர்ல சுருக்கத்தை வழிச்சு விட்டு நிறத்தை ரெண்டு படி ஏத்தி வச்சிருக்காங்க, பாத்தாலே தெரியுது. நீங்க மூணு வாரம் உக்காந்து வரைஞ்சது அந்த டச்சப்பைத்தான். அதை நல்லாவே வரைஞ்சிருக்கீங்க, அதனாலதான் அப்பாவுக்கு அவரோட ஆத்தா தெரியல.

நீங்க ஒதுக்கி வச்ச திண்ணை போட்டோதான் படம். தெருப் பக்கத்துல இருந்து வெளிச்சம் வருது, வீட்டுப் பக்கம் முகம் இருட்டுக்குள்ள போகுது, நெத்தி மேடு, கன்ன எலும்பு, மூக்கு நுனி மூணுலயும் வெளிச்சம் சின்னச் சின்னதா ஒட்டி நிக்குது. அந்த இருட்டான பாதியில என்ன இருக்குன்னு தேடித் தேடி வரைய வேணாம். கண்ணைப் பாதி சுருக்கிட்டுப் பாருங்க. விவரமெல்லாம் போயி நாலஞ்சு திட்டா மட்டும் தெரியும், அந்த இருட்டுப் பக்கம் முழுக்க, கண்ணுக்குழியில இருந்து தாடைக்குக் கீழ கழுத்து வரைக்கும் ஒரே திட்டு, நடுவுல கோடே கிடையாது. அந்தத் திட்டோட உருவத்தை முதல்ல மெல்லிசா கோடு போட்டு எடுங்க, கண்ணு மூக்குன்னு பேரே நினைக்காம. அந்த உருவம் சரியா விழுந்துருச்சுன்னா கண்ணு வரையறதுக்கு முன்னாடியே ஆளு தெரிஞ்சுரும். தெருமுனையில நடந்து வரும்போதே இது நம்ம அப்பத்தான்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல, அவ்வளவு தூரத்துல இமையா தெரிஞ்சுது?

அடுத்து அந்த அளவு. தலையோட சரி பாதியில கண்ணு, ரெண்டு கண்ணுக்கு நடுவுல ஒரு கண்ணு அகலம், புருவத்துல இருந்து மூக்கடி வரைக்கும் காது, இதெல்லாம் எல்லா கிளாஸ்லயும் சொல்லித் தர்றது, தப்பே இல்ல, ஆனா அது பொதுவான இளவட்ட முகத்தோட அளவு. உங்க அப்பத்தாவுக்குப் பல்லு விழுந்திருக்கு. பல்லு போனா மேல் தாடையும் கீழ் தாடையும் நெருங்கி வந்துரும், மூக்குக்கும் மோவாய்க்கும் நடுவுல தூரம் குறைஞ்சுரும், உதடு உள்ள மடிஞ்சு மோவாய் கொஞ்சம் முன்னால வரும். நீங்க அதைப் பாத்துருக்கீங்க, ஆனா "அளவு தப்பா இருக்கே"ன்னு திருத்தியிருக்கீங்க, அழிச்ச தடம் மோவாய்க்குக் கீழ இன்னும் தெரியுது. முதல்ல போட்டீங்களே, அதுதான் சரி! காதும் அதே கதைதான். உங்க படத்துல காது அளவா அழகா இருக்கு, போட்டோவுல தண்டட்டி போட்டு வளத்த காது, வயசானதும் அதைக் கழட்டிட்டாங்க போல, ஓட்டை பெருசா தொங்கி அது வழியா பின்னாடி கழுத்தோட நிழல் தெரியுது. அந்தத் தொங்குற சதை ஓரத்துல மட்டும் மயிரிழை மாதிரி வெளிச்சம் ஓடுது பாருங்க. அதை வரைங்க. அப்பா சின்னப் புள்ளையா இருக்கும்போது அந்தக் காதைப் பிடிச்சுத்தான் தொங்கியிருப்பார்.

அளவு சரியான்னு பாக்க போட்டோவையும் படத்தையும் தலைகீழா திருப்பி வச்சுப் பாருங்க, கண்ணாடியிலயும் காட்டுங்க. நேரா பாக்கும்போது மனசு அது முகம்னு முடிவு பண்ணிட்டு தப்பையெல்லாம் மன்னிச்சுரும், திருப்பினா மன்னிக்காது. போட்டோ மேலயும் பேப்பர்லயும் கிரிட், அதாவது கட்டம், போட்டும் வரையலாம், அதுல ஒண்ணும் கேவலம் இல்ல. ஒண்ணு மட்டும் கவனிச்சுக்கோங்க, மொபைல்ல ரொம்பக் கிட்ட போய் எடுத்தா மூக்கு பெருசாகி காது பின்னாடி போயிரும். உங்க திண்ணை போட்டோ நல்லவேளையா ஏழெட்டு அடி தள்ளி நின்னு எடுத்த மாதிரி இருக்கு.

இப்ப நிறத்துக்கு வர்றேன், இதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய பதிலா எழுத உக்காந்தேன். யூடியூப்ல நாம பாக்குற பாடத்துல முக்கால்வாசி வெள்ளைக்கார முகம். அவங்களுக்கு பேப்பர்தான் தோலு, வெள்ளையை அப்படியே விட்டுட்டு ஓரத்துல கொஞ்சம் கொஞ்சமா ஷேடு ஏத்துவாங்க. அதே முறையில நம்ம முகத்தை வரைஞ்சா எல்லாரும் பவுடர் பூசுன மாதிரிதான் வருவாங்க. அப்பத்தாவோட தோல்ல பேப்பர் வெள்ளைக்கு எங்கயுமே இடம் இல்ல. வெள்ளை இருக்கறது நரைச்ச முடியில, சேலையில, மூக்குத்திக் கல்லுல, கண்ணுல இருக்கற அந்த ஒரு பொட்டு வெளிச்சத்துல, அவ்வளவுதான். அதனால வரையற முறையே மாறணும். முகம் முழுக்க, நெத்தி மினுங்கற இடத்தையும் சேத்து, 2பி பென்சில் வச்சு அழுத்தாம ஒரே சீரா ஒரு டோன், அதாவது ஒரு சாம்பல் பூச்சு, போட்டுருங்க. அதுக்கு மேல இருட்டை ஏத்துங்க. கடைசியா நீடட் இரேசரை, அதாங்க மாவு மாதிரி பிசையற ரப்பரை, நுனியில ஊசி மாதிரி உருட்டி நெத்தியிலயும் கன்னத்துலயும் ஒத்தி ஒத்தி எடுங்க, தேய்க்கக் கூடாது. கருப்புத் தோல்ல வெளிச்சம் பரவலா விழாது, சின்னதா, கூர்மையா விழும், அதுக்குப் பக்கத்துலயே ஆழமான டோன் இருக்கும். அந்த அழகு வெளுத்த தோல்ல கிடைக்காது.

எனக்கு பத்தொன்பது வயசுல ஒரு வீட்ல கருமாதிக்குப் படம் வரையக் கேட்டாங்க. இறந்து போனவர் நல்ல கருப்பு. மகன் "கொஞ்சம் கலரா போடுங்க தம்பி, பெரிய படமா மாட்டுவோம்"னார். நானும் போட்டுக் குடுத்தேன், காசு வாங்கிட்டேன். இறந்தவரோட சம்சாரம், அந்த அம்மா வந்து ஃப்ரேமுக்கு முன்னாடி நின்னு முந்தானையால கண்ணாடியைத் துடைச்சாங்க. கொஞ்ச நேரம் பாத்துட்டு மறுபடியும் துடைச்சாங்க. ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் யார் கேட்டாலும் நிறத்தை ஏத்திப் போட்டதில்ல, வேற ஆளைப் பாத்துக்கோங்கன்னு சொல்லிருவேன்.

பளபளப்பு, வழுக்கறது ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான். கிராஃபைட்டுங்கறது தகடு தகடா அடுக்குன கரி. அழுத்தித் தேய்ச்சா அந்தத் தகடெல்லாம் ஒரே பக்கமா படுத்துக்கிட்டு கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி விடும், கருப்பு சாம்பலாத் தெரியும். நீங்க ஹெச்பியிலயே கருப்பு கொண்டு வரப் பாத்திருக்கீங்க. 1795ல பிரான்ஸ்ல கோந்தேன்னு ஒருத்தர் கிராஃபைட் தூளையும் களிமண்ணையும் கலந்து சுட்டு பென்சில் செஞ்சார், இங்கிலாந்தோட சண்டை நடந்ததுல அங்க இருந்து நல்ல கிராஃபைட் வராமப் போயிருச்சு, அதனால வந்த வழி அது, இன்னைக்கு வரைக்கும் பென்சில் அடிப்படையில அப்படித்தான் செய்யறாங்க. களிமண்ணு கூடினா ஹெச் பக்கம், கெட்டி, வெளிர். கிராஃபைட் கூடினா பி பக்கம், மெத்துன்னு, கருப்பு. கெட்டிப் பென்சிலை அழுத்தினா பேப்பரோட சொரசொரப்பு நசுங்கி அடைஞ்சுரும், அதுக்கு மேல 8பி பிடிக்க இடமே இல்ல, வழுக்கத்தான் செய்யும். அதனால இருட்டு எங்கன்னு தெரிஞ்சதுமே அங்க 4பி, 6பில மெல்ல மெல்ல நாலு தடவை ஏத்துங்க, கை கனமே இல்லாம, திசையை மாத்தி மாத்தி. பென்சிலை ஷார்ப்னர்ல போடாம பிளேடால நீளமா சீவி வச்சுக்கிட்டா பேப்பர் குழிக்குள்ள நுனி போகும். முதல் நாளே ஒரு இடத்துல, காது ஓட்டைக்குள்ளயோ மூக்குத் துவாரத்துலயோ, உங்களால முடிஞ்ச முழுக் கருப்பை வச்சுருங்க. மத்த எல்லா டோனையும் அதைப் பாத்துத்தான் முடிவு பண்ணணும், இல்லன்னா பயந்து பயந்து எல்லாமே சாம்பலா போயிரும். எவ்வளவு கவனமா இருந்தாலும் கிராஃபைட்டுக்கு ஒரு மினுமினுப்பு இருக்கத்தான் செய்யும். ரொம்பக் கருப்பு வேணுங்கற இடத்துல மட்டும் ஸ்டெட்லர் லூமோகிராஃப் பிளாக் மாதிரி கார்பன் கலந்த பென்சில் எடுத்துக்கலாம், அது மின்னாது.

புகை மாதிரி இருக்கறதுக்குக் காரணம், ஷேடை விரலால தேய்ச்சது. விரல்ல எண்ணெய்ப் பசை இருக்கு, அது பேப்பர்ல இறங்கினா திட்டுத் திட்டா நின்னுக்கும், ரப்பரும் எடுக்காது. டிஷ்யூவோ, பேப்பரைச் சுருட்டிச் செஞ்ச ஸ்டம்ப் குச்சியோ எடுத்துக்கோங்க, அதையும் முதல் டோன் போடும்போது மட்டும் பயன்படுத்துங்க, மேல வர்ற சுருக்கம், இமை எல்லாம் பென்சில் போட்டபடியே இருக்கட்டும். பேப்பர்ல சார்ட் பேப்பர் வேணாம், கார்ட்ரிட்ஜ் ஷீட்னு வரையறதுக்குன்னே இருக்கற தாளா, 150 ஜிஎஸ்எம் (தாளோட கன அளவு) தாண்டினதா வாங்குங்க.

சுருக்கத்தைக் கோடா கிழிச்சுருக்கீங்க, அதனால கீறல் மாதிரி தெரியுது. சுருக்கம்னா மடிப்பு. ஒரு பக்கம் இருட்டு, அதை ஒட்டி ஒரு மினுக்கு, அதுக்கப்புறம் மெல்ல கரையுது. போட்டோவுல கண்ணோரத்துல ஒரே ஒரு மடிப்பை எடுத்துக்கிட்டு ஒரு சாயங்காலம் முழுக்க அதை மட்டும் வரைஞ்சு பாருங்க, மிச்சம் தானா வரும். கண்ணு வெள்ளையையும் வெள்ளையா விடாதீங்க, மேல் இமையோட நிழல் அதுல விழுது, வெள்ளையா விட்டா திடுக்கிட்டுப் பாக்குற மாதிரி ஆயிரும். வயசானவங்களுக்குக் கருவிழி ஓரத்துல வெளிறின வளையம் ஒண்ணு விழும், அப்பத்தாவுக்கும் இருக்கு, போட்டோவைப் பெருசு பண்ணிப் பாருங்க. அந்தப் பார்வை கொஞ்சம் தூரத்துல நிக்கிற மாதிரி இருக்கே, அது அந்த வளையத்தால வர்றது.

நரை முடிக்கு ஒரு வழி சொல்றேன். மை தீந்து போன பால்பாயின்ட் பேனாவை எடுத்து, ஷேடு போடறதுக்கு முன்னாடியே நெத்தியோரத்துல காத்துல பறக்குற அந்த நாலஞ்சு முடியை பேப்பர்ல அழுத்தி இழுத்துருங்க. மேல பென்சில் ஓட்டும்போது அந்தப் பள்ளத்துல கரி இறங்காது, வெள்ளை முடியா நிக்கும். நாலஞ்சு போதும், தலை முழுக்க வேணாம். மிச்ச முடியை மொத்தையா ஒரு திட்டா பாருங்க.

சேலைக்கு ரொம்ப உழைக்காதீங்க. பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் ரோம்ல இருந்தப்ப, 1815க்கு அப்புறம் கை வறண்டு போய், அங்க வர்ற பயணிகளுக்குப் பென்சில்ல முகம் வரைஞ்சு குடுத்துத்தான் பிழைச்சார். அந்தப் படங்களைத் தேடிப் பாருங்க, முகம் அப்படி நுணுக்கமா இருக்கும், கழுத்துக்குக் கீழ சட்டை, கோட்டு எல்லாம் நாலு கோட்டுல ஓடிரும், அதனாலேயே பார்வை முகத்தை விட்டு நகராது. நீங்க சேலைக் கட்டம் ஒவ்வொண்ணா எண்ணி வரைஞ்சிருக்கீங்க, ஒரு வாரம் அதுலயே போயிருக்கும்.

பழைய படத்தை அழிக்காதீங்க, திருத்தவும் வேணாம், தனியா எடுத்து வச்சுட்டு புது ஷீட்ல ஆரம்பிங்க. மாசிக்கு இன்னும் நாள் இருக்கு. திட்டு மட்டும் போட்ட நிலையில, கண்ணு வரையறதுக்கு முன்னாடி, ஜன்னல் வெளிச்சத்துல ஃபிளாஷ் இல்லாம ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. அப்பாகிட்டயும் அப்பவே காட்டுங்க, கொஞ்சம் தள்ளி நிக்க வச்சு. முடிச்சு ஃப்ரேம் போடும்போது கண்ணாடி படத்துல ஒட்டாம சுத்தி மவுண்ட் போர்டு, அதாவது கனமான அட்டை, வச்சுப் போடச் சொல்லுங்க, இல்லன்னா கரி கண்ணாடியில ஒட்டிக்கும்.

அன்புடன்,
அண்ணன்